என் பெயரில் நடந்த ஆபரேஷன்

திருவாடானை
8-10-2025

பூமயிலுக்கு,

உன் அக்கா சண்முகவள்ளி எழுதுவது. போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

ஆறு மாதமாக எனக்கு ரத்தப்போக்கு நிற்காதது உனக்குத் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் தெரியும். திங்கட்கிழமை ராமநாதபுரம் போனோம். சினேகா கம்பெனியில் அப்பா அம்மா என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டுக்கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறதே, அதைக் காட்டினால் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் முன்னாலேயே அனுமதி கொடுத்தால்தான் படுக்கை தருவார்கள். அந்தக் கவுண்டரில் ரம்ஜான் பீவி என்று ஒரு பெண். நல்ல பெண். என் பேப்பரையெல்லாம் அனுப்பிவிட்டு உட்காரச் சொன்னாள். இரண்டு சேலை, ஒரு போர்வை, சொம்பு எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நானும் உன் அத்தானும் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கூப்பிட்டாள். "அக்கா, உங்களுக்கு ஏற்கனவே கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னு வந்துருக்கு. அதனால அனுமதி கிடையாதுங்கிறாங்க."

"யாருக்குத்தா எடுத்தாச்சு?"

"உங்களுக்குத்தான். 2023, ஆகஸ்ட் இருபத்தி நாலு. இங்கனதான், ராமநாதபுரத்துலயே, வேற ஆஸ்பத்திரியில."

அத்தான் சிரித்துவிட்டார். "இல்லாத பையில இருந்தா இவளுக்கு இப்படி ரத்தம் போகுது?" என்றார். ரம்ஜான் பீவி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். என் பெயர், என் ஆதார் நம்பர், சினேகாவின் கம்பெனி. எல்லாம் சரியாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த ஆவணியில் நான் எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கவில்லை. மண்டபத்தில் உன் வீட்டில் இருந்தேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து படுத்திருந்தவள் நீ.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீயா?

சண்முகவள்ளி

*

மண்டபம்
13-10-2025

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. நேற்று எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். போனும் போட்டுப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொன்னால் எடுக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும்.

உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? தலை சுற்றுகிறதா? பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாயா? அத்தானைத் தனியாகக் களையெடுப்புக்கு ஆள் விடச் சொல், நீ வயலில் இறங்காதே.

நான்தான் அக்கா.

அந்த நாளை எப்படிச் சொல்வது? நாலு நாளாக ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இவர் மீன் வண்டி எடுத்துக்கொண்டு கேரளா போயிருந்தார். குளியலறையில் விழுந்துவிட்டேன். பெரியாஸ்பத்திரி வரை தாங்காது என்று போகிற வழியில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். உடனே ஆபரேஷன் என்றார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றார்கள். நீ ஒரு தடவை அந்தக் கார்டையும் ஆதாரையும் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாய், நினைவிருக்கிறதா? அது என் போனில் இருந்தது. எடுத்துக் காட்டிவிட்டேன். ஆதாரில் இருக்கிற முகம் யாருக்குத்தான் பொருந்துகிறது? அக்கா தங்கச்சிக்குப் பொருந்தாமலா போகும்? அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அது இப்படி உன் மேல் வந்து விழும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஒரு ஆபரேஷன் முடிந்தால் முடிந்துபோகும் என்றுதான் நினைத்தேன். அதை எங்கேயோ எழுதி வைத்திருப்பார்கள், உனக்கும் அதே நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். சினேகாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளிடம் இதைக் கேட்டு அவள் மனதைக் கலக்காதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பூமயில்

*

திருவாடானை
18-10-2025

பூமயிலுக்கு,

கிடைத்தது. படித்தேன். அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். "மயங்கி விழுந்தவ எப்படிப் போன எடுத்துக் காட்டுனா?" என்று கேட்டார். எனக்கும் அது விளங்கவில்லை. ஆனால் செய்தேன் என்று நீயே சொல்லும்போது எப்படிச் செய்தாய் என்று நான் ஏன் ஆராய வேண்டும்?

நான் அந்த இருபத்திரண்டு நாளை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்று வயலை அத்தான் கையில் விட்டுவிட்டு வந்தேன். உன்னைத் தூக்கி உட்கார வைத்தேன். தையல் போட்ட இடத்தை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். உன் துணியை அலசினேன். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பார்க்க டிஸ்சார்ஜ் பேப்பரைக் கேட்டேன். "எங்கன வச்சேன்னு தெரியலக்கா" என்றாய். அது உன் தலையணைக்குக் கீழே இருந்திருக்கும். அதில் என் பெயர் இருந்தது. என் பெயரின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டு என்னிடம் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறாய்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, இனி ஆக வேண்டியது. ரம்ஜான் பீவியிடம் உன் பெயரைச் சொல்லாமல் விசயத்தைச் சொன்னேன். இரண்டு காகிதம் வேண்டும் என்றாள். எனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது என்று ஸ்கேன். அது இருக்கிறது. இன்னொன்று, அன்றைக்குப் படுத்தது நான் இல்லை என்று நான் எழுதிக் கொடுப்பது. படுத்தவளும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியும், இல்லாவிட்டால் விசாரணை என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள் என்றாள். அவள் எழுதித் தந்ததை இதோடு வைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

எனக்கு ரத்தம் ஆறரைதான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. அதனால் சீக்கிரம்.

சினேகாவிடம் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டாள், எப்படி மறைப்பது? "சித்திய விட்டுரும்மா, நான் கம்பெனியில பேசிச் சரிபண்றேன்" என்று அழுதாள். உனக்காகத்தான் அழுதாள். எனக்கு ரத்தம் போகிறது என்று சொன்ன அன்று அவள் அழவில்லை.

சண்முகவள்ளி

*

மண்டபம்
28-10-2025

அக்காவுக்கு,

ஒரு வாரமாக அந்தக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் அக்கா.

காரணம் கேட்பாய். கையெழுத்துப் போட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார்கள். இவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இங்கே காற்று அடிக்கிறது, படகு போகவில்லை, வண்டிக்கு லோடு இல்லை, மனிதர் வீட்டிலேயே இருக்கிறார். உனக்கு எழுதுவதைக்கூடப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் வாராவாரம் செய்கிறார்கள். அங்கே எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம். போன வாரம் நானே போய் விசாரித்துவிட்டு வந்தேன். வெளிநோயாளிச் சீட்டு காலை ஏழரைக்குக் கொடுக்கிறார்கள். ரத்தம் ஏற்றித் தயார் செய்துதான் எடுப்பார்களாம். நான் வந்து கூட இருக்கிறேன். ஒரு மாதமானாலும் இருக்கிறேன். ரத்தம் வேண்டுமென்றால் என் ரத்தம் உனக்குச் சேரும், நம் இரண்டு பேருக்கும் ஒரே குரூப்.

இன்சூரன்ஸ்காரர்களுக்கு எதுவும் எழுத வேண்டாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். எழுதாதே.

பூமயில்

*

திருவாடானை
2-11-2025

பூமயில்,

கையெழுத்துப் போட மாட்டேன் என்பதற்கு இத்தனை வரி எதற்கு?

பெரியாஸ்பத்திரியை எனக்கு இப்போது காட்டுகிறாய். அன்றைக்கு உனக்கு அது தூரமாக இருந்தது. உனக்குத் தனியார் ஆஸ்பத்திரி, என் பெயரில். எனக்கு ஏழரை மணிக்கு வரிசை, என் சொந்தப் பெயரில்.

நீ பயப்படுவது உன் வீட்டுக்காரருக்காக, உன் மானத்துக்காக. நான் நேற்றுக் களத்துமேட்டில் விழுந்தேன். அத்தான் வந்து தூக்கும்வரை எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அப்போதும் உன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் இருந்தது. நினைப்பு மாறிவிட்டது.

வருகிற வியாழக்கிழமை ராமநாதபுரம் போகிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டாம். அன்றைக்கு என் பெயரில் படுத்தவள் இன்னார், என் உடன்பிறந்தவள், எனக்கே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று உன் முதல் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

சண்முகவள்ளி

*

மண்டபம்
6-11-2025

அக்கா,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. இன்றுதான் வியாழக்கிழமை. உனக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். அத்தானுக்குப் போட்டேன், அணைத்து வைத்திருக்கிறார். காலையில் பெய்த மழைக்கு நீங்கள் கிளம்பாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போகவில்லை என்றால் போகாதே. இதை முழுதும் படி.

கார்டைக் காட்டியது நான் இல்லை. சினேகா.

ஓணத்துக்கு முந்தின வாரம் அவள் லீவில் இங்கேதான் இருந்தாள். உன்னிடம் சென்னையில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். லீவு கிடைத்தால் முதலில் இங்கே வருவது அவள் வழக்கம். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்வதில்லை. நான் விழுந்து கிடந்ததைப் பார்த்தது அவள்தான். ஆட்டோவில் அவள் மடியில் படுத்துப் போனதுவரை நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டில் அட்டையில் சண்முகவள்ளி என்று எழுதியிருந்தது. நீ வந்திருக்கிறாய் போல என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"சித்தி, பேசாம படு. இங்கன நீதான் எங்கம்மா. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்" என்று காதோரம் வந்து சொன்னாள்.

கார்டு அவள் கம்பெனியுடையது. எல்லா மெசேஜும் அவள் போனுக்குத்தான் வரும். அனுமதி கேட்டது, வந்தது, கையெழுத்து, எல்லாம் அவள். இப்போது நீ எழுதிக் கொடுத்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு வந்தபோது உனக்குத் தெரியாமல் என்னிடம் போனில் பேசினாள். "சித்தி, எம்மேல வந்தா வேல போயிரும், இனி எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டான்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதற்குப் பயந்துதான் முதலிலேயே நான் செய்தேன் என்று எழுதினேன். அந்தச் சத்தியத்துக்காகத்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர், என் மானம், இதெல்லாம் நான் கட்டிச் சொன்னது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நீ வேறு எங்காவது தெரிந்துகொள்வாய். அங்கே ஐந்து நாள் அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நர்ஸ் இல்லாத நேரத்தில் சித்தி என்று கூப்பிட்டிருக்கலாம். அப்போதும் அம்மா என்றாள். கூப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது அக்கா. கர்ப்பப்பையை எடுத்துப் போட்ட மறுநாள், ஒரு பிள்ளை பெறாதவளை அப்படி ஒருத்தி கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குப் புரியுமா, தெரியவில்லை. கார்டைவிட அதுதான் நான் உன்னிடம் எடுத்தது. மன்னிப்புக் கேட்டால் அதற்குத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கேட்கவும் மனம் வரவில்லை.

போகாதே அக்கா.

பூமயில்

*

திருவாடானை
23-11-2025

பூமயிலுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. நான் ஆறாம் தேதியே கொடுத்துவிட்டேன். மழையிலும் முதல் பஸ் வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல ரம்ஜான் பீவி எழுதினாள், கையெழுத்துப் போட்டேன், ஸ்கேன் படத்தையும் உன் கடிதத்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். "போயிருச்சுக்கா" என்றாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாளே திரும்பப் போனேன். அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். ரம்ஜான் பீவி என் முகத்தையே பார்த்தாள். "கூட இருந்து கையெழுத்துப் போட்டது யாருன்னு இன்சூரன்ஸ்காரங்ககிட்டயே இருக்குக்கா. நீங்க எடுத்தாலும் எடுக்காட்டியும் அவங்க பாத்துருவாங்க" என்றாள். அவளுக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்திருக்கும் போல. ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்று விட்டிருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் சொல்ல ஆள் இல்லை.

சினேகாவுக்கு நான் போன் செய்யவில்லை. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு அனுமதி வந்தது. வருகிற திங்கட்கிழமை படுக்கலாம் என்று சொன்னார்கள். வியாழக்கிழமை ரம்ஜான் பீவியே போன் செய்தாள். "கார்டு நின்னுருச்சுக்கா. உங்க மகளுக்கு அந்தக் கம்பெனியில வேல இல்லையாம்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் சினேகா வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு பை. அத்தான் பெட்டியை வாங்கப் போனார். நான் வாசலிலேயே கேட்டேன்.

"என்னத்தா, லீவா?"

"வேல போச்சும்மா. நானே எழுதிக் குடுத்துட்டுப் போனா கேஸ் போட மாட்டோம்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன்."

"எதுக்குப் போச்சு?"

"உனக்குத்தான் தெரியுமே."

"நீ சொல்லு. ஒருத்தராச்சும் எனக்கு வாயால சொல்லுங்க."

சொன்னாள். நீ எழுதிய மாதிரியேதான் சொன்னாள். அம்மா என்று கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டா நீ அப்பாகிட்டக் கேப்ப. அப்பா யோசிப்பாரு. நீ தப்புன்னு சொல்லுவ. அதுக்குள்ள சித்தி செத்துருக்கும்."

"செஞ்சதுக்கப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நான் அங்கன வந்து இருபத்திரண்டு நாள் கெடந்தேன். நீயும் ஒரு நாள் வந்த, எம் பக்கத்துல உக்காந்து சோறு சாப்பிட்ட."

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று உனக்கு எழுதினேன். நேற்றிலிருந்து அதை நினைத்துப் பார்க்கிறேன். கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் சொன்ன மாதிரி அத்தானைக் கேட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அது என்னுடைய தப்பாக இருந்திருக்கும். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு அந்தத் தப்பைச் செய்யவும் இடம் தரவில்லை. நல்லவளாக இருக்கவும் இடம் தரவில்லை. கடைசியில் என் மகளின் வேலையை என் கையெழுத்தால் பறிக்க மட்டும் இடம் கொடுத்தீர்கள். அக்டோபர் மாதமே நீ உண்மையை எழுதியிருந்தால் அந்தக் கவுண்டர் பக்கமே போயிருக்க மாட்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை வைத்து அவளை அடித்துவிட்டாய்.

உன்னிடம் விட்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் அங்கே ரயிலில் போய்வரத் தோது என்று விட்டேன். திரும்பி வந்தவள் என் மகளாகத்தான் வந்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் பெரியாஸ்பத்திரியில் படுக்கிறேன். நீ வர வேண்டாம்.

சண்முகவள்ளி

*

மண்டபம்
27-11-2025

அக்காவுக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வரட்டுமா என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். எழுந்து படகுத்துறைப் பக்கம் போனார். ராத்திரி வந்து, "எம்பொண்டாட்டி உசுர அந்தப் பிள்ள காப்பாத்துச்சு, இப்ப அது வேலை இல்லாம ஒக்காந்துருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடிப்பார் என்று பயந்திருந்தேன். அந்த வார்த்தைக்கு அடித்திருக்கலாம்.

நீ எழுதியதில் எல்லாம் சரி. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான்தான் அவளைக் கெடுத்தேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லியே ஆக வேண்டும். "விட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். விட்டாய்தான். ஆறு வருசத்தில் எத்தனை தடவை வந்து பார்த்தாய்? அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை அரிசியோடு வந்து, அன்றைக்கே திரும்பிவிடுவாய். அவளுக்கு அம்மை போட்டபோது நீ மூன்றாம் நாள் வந்தாய். வேப்பிலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். பிள்ளை இல்லாதவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன் என்று ஊரில் நீ சொன்னது என் காதுக்கும் வந்தது. துணைக்கு என்று விட்டது, பிறகு என்னிடம் ஒட்டிக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு? இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை அக்கா. உள்ளே வர மாட்டேன். வார்டுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன். வரட்டுமா?

பூமயில்

*

திருவாடானை
16-12-2025

பூமயிலுக்கு,

ஆபரேஷன் நாலாம் தேதி முடிந்தது. பதினொன்றாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்ததைத் தட்டில் வைத்து அத்தானிடம் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு முழுதும் அவர் சாப்பிடவில்லை. தையல் நன்றாக ஆறிவருகிறது. கனம் எதுவும் தூக்கக் கூடாதாம்.

ரத்தம் சினேகா கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கினார்கள். கூட இருப்பவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. சினேகா பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மகள் என்று எழுதினாள். அதையும் பார்க்காத மாதிரிதான் இருந்தேன்.

நீ வந்தது எனக்குத் தெரியும். ஆறாம் தேதி, சாயங்காலம். வார்டு வாசலில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாய். பச்சைச் சேலை. நான் பதில் எழுதாமலே வந்துவிட்டாய். நர்ஸ் என்னிடம் வந்து, "வெளிய நிக்கிறது உங்க தங்கச்சியா? உங்கள மாதிரியே இருக்காக" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் இன்னொரு தடவை உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். சினேகா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் நீ போயிருந்தாய்.

தெரியாது என்று சொன்னதைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று நீ கேட்டால், இருக்கிறது. மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதைத்தான் சொல்வேன்.

அம்மை போட்டபோது நான் மூன்றாம் நாள் வந்தது உண்மை. அதற்குப் பதில் இல்லை. அந்த மூன்று நாள் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சினேகா இங்கே வந்ததிலிருந்து எல்லா வேலையும் செய்கிறாள். என்னைக் குளிக்க வைக்கிறாள், அத்தானுக்கு வயலுக்குச் சோறு கொண்டுபோகிறாள். பேசுகிறாள், நானும் பேசுகிறேன். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லும்போது, இது நிஜமா, இதற்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கிறதா என்று தேடுகிறேன். காய்ச்சல் இல்லை என்று அவள் சொன்னால், தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். அது அவளுக்கும் தெரிகிறது. இப்படி ஒரு வீட்டில் இரண்டு பேர் எத்தனை நாள் இருக்க முடியும்?

நேற்றுச் சொன்னாள். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்களாம். மண்டபத்தில் இருந்து ரயிலில் போய் வந்துவிடலாமாம். "சித்தி வீட்டுல இருந்துக்கிறேம்மா, வாரா வாரம் இங்கன வாரேன்" என்றாள். எனக்குச் சொல்லும் முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். இந்தத் தடவை நம்பினேன். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

அவளை நன்றாகப் பார்த்துக்கொள் என்று எழுத மாட்டேன். பார்த்துக்கொள்வாய். எனக்கு வலிப்பதே அதுதான். இங்கே நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க எனக்கு எப்போது முடிகிறதோ அப்போது நானே எழுதுகிறேன். முடியாமலும் போகலாம்.

இதுவரை எழுதியது விடியற்காலையில். பிறகு அவளை வழியனுப்ப மெதுவாக நடந்து பஸ் நிறுத்தம் வரை போனேன். அத்தான் பெட்டியை ஏற்றிவிட்டார். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம், தபாலில் போடலாம் என்று விட்டுவிட்டேன். ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் அடித்து, பஸ் நகரத் தொடங்கிய பிறகு ஜன்னலில் முகத்தை வைத்து, "அம்மா, போகட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. போ என்று கையைக் காட்டினேன்.

சண்முகவள்ளி